எட்டாம் கிரேடு முடித்தாயிற்று, அடுத்து?

கேள்வி: மகள் ஏபிஆர்எஸ்எம் (லண்டன் இசைத் தேர்வு வாரியம்) பியானோ எட்டாம் கிரேடில் டிஸ்டிங்ஷன் வாங்கியிருக்கிறாள். கச்சேரி வாசிக்கும் பியானிஸ்ட் ஆக வேண்டும் என்கிறாள். இது போதுமா? – ஒரு தாய், திருச்சி

பதில்: போதாது. எட்டாம் கிரேடு என்பது மூன்று நான்கு உருப்படிகளை மாதக்கணக்கில் தேய்த்து வாங்குகிற சான்றிதழ். கன்சர்வேட்டரி (இசைக் கல்லூரி) நுழைவுத் தேர்வில் பெரும்பாலும் பாக்கின் பிரிலூடும் ஃபியூகும், ஒரு பீத்தோவன் அல்லது ஹைடன் சொனாட்டா, ஒரு ஷோபான் எட்யூட் (பயிற்சி உருப்படி) என்று கலந்து கேட்பார்கள், அதையும் மனப்பாடமாக. எனவே அடுத்த கிரேடைத் தேடாமல், அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்றைத் தயார் செய்யச் சொல்லுங்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ஏடிசிஎல் டிப்ளமோ அதற்கு நல்ல இலக்கு. பிறகு அதன் அடுத்த படிகளான எல்டிசிஎல், எஃப்டிசிஎல். நாட்டுக்குள்ளேயே படிக்க நினைத்தால் சென்னையில் கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது.

போட்டிகளுக்கு வயது வரம்பு உண்டு. வார்சா ஷோபான் போட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கச்சேரி கிடைக்காதவர்தான் பாடம் எடுப்பார் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஐரோப்பா முழுக்க வாசித்த கிளாரா ஷூமான் 1878-இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஹோக் கன்சர்வேட்டரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். மேடையை விடவுமில்லை.

கேள்வி: நான் பியானோ டீச்சர். மாணவர்கள் ஸி மேஜர் ஸ்கேல் (ஸி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளில் மட்டும் ஏறும் ஸ்வர வரிசை) வாசிக்கும்போது வலது கையில் நாலாவது ஸ்வரம் மட்டும் 'டொக்' என்று விழுகிறது. – கோவை வாசகர்

பதில்: கட்டைவிரல் தாமதமாகக் கிளம்புகிறது. மூன்றாம் விரல் ஈ-யை அழுத்தும்வரை அது வெளியே சும்மா நிற்கிறது. பிறகு அவசரத்தில் முழங்கை வெளியே துள்ள, கையின் கனமெல்லாம் நாலாவது ஸ்வரமான எஃப் மேல் இறங்குகிறது. இரண்டாம் விரல் டி-யைத் தொட்ட உடனேயே கட்டைவிரல் உள்ளங்கைக்குக் கீழே நகர ஆரம்பிக்க வேண்டும்.

பயிற்சி: மூன்றாம் விரலால் ஈ-யை அழுத்திப் பிடித்தபடி, கட்டைவிரலை மட்டும் ஸி, எஃப், ஸி, எஃப் என்று எட்டு முறை மாற்றி வாசிக்கட்டும். முழங்கை அசையக் கூடாது. கட்டைவிரலின் நகத்தோரம்தான் கட்டையில் படவேண்டும். அது படிந்த பிறகு மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) 60-இல், தட்டுக்கு இரண்டு ஸ்வரமாக முழு ஸ்கேல், மிக மெல்லிய சத்தத்தில். பலமாக வாசித்தால் குறை மறைந்துகொள்ளும். வேகத்தை நாலு நாலாக ஏற்றுங்கள்.

ஸி மேஜர் பார்க்க எளிது, கைக்கு எளிதல்ல. ஷோபான் தம் மாணவர்களை பி மேஜரில்தான் தொடங்க வைத்தார். நீண்ட விரல்கள் கறுப்புக் கட்டைகளில் இயல்பாக அமரும், கட்டைவிரல் கடக்க இடம் கிடைக்கும். ஒரு வாரம் அதில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் 61 கட்டை கீபோர்டு இருக்கிறது. அதிலேயே தொடரலாமா? – மதுரை வாசகி

பதில்: முதல் வருஷம் ஓட்டலாம். அதற்கு மேல் 88 கட்டையும், அசல் பியானோவின் சுத்தியல் போலக் கனம் காட்டும் கட்டைகளும், சத்தத்தை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலும் உள்ள டிஜிட்டல் பியானோ வேண்டும். லேசான கட்டையில் பழகிய விரல் அசல் பியானோவில் மெல்ல வாசிக்கும்போது சத்தமே வராமல் திணறும்.