வளவில் விழுந்த குழி, கொல்லையில் மூடிய கிணறு

வாசகர் கேள்வி – பதில்

நிலம் திடீரென உள்வாங்குவது பற்றிச் செட்டிநாட்டு ஊர்களில் இருந்து வந்த கேள்விகளுக்குக் கட்டுமானத் துறையினரும் நிலத்தடி நீர்த் துறையினரும் பதில் தருகிறார்கள்.

ஐப்பசி அடைமழைக்குப் பிறகு எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் (முன்பகுதிக்கு அடுத்த பகுதியில்) ஒரு மூலை அப்படியே உள்ளே போய்விட்டது. வாய் இரண்டடிதான், கம்பை விட்டால் ஆறடிக்கும் கீழே போகிறது. குவாத்தமாலாவில் கட்டடத்தையே விழுங்கிய பள்ளத்தின் படத்தைக் காட்டி, "நம்ம ஊரும் இப்படித்தான் போகப்போகுது" என்கிறார்கள். நடக்குமா? – தேவகோட்டை வாசகர்

நடக்காது. 2010இல் குவாத்தமாலா நகரில் விழுந்த பள்ளம் சுமார் 20 மீட்டர் அகலம், 90 மீட்டர் ஆழம். அந்த நகரம் எரிமலைச் சாம்பல் மேட்டின் மேல் இருக்கிறது. கழிவுநீர்க் குழாயில் கசிந்த நீரும் புயல்மழையும் அந்தப் பொலபொலப்பான மண்ணைக் கரைத்துக்கொண்டு போயின. இயற்கையாகப் பள்ளம் விழும் இன்னொரு வகை நிலம் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதை மெல்ல அரித்துக் குகையாக்கும். குகையின் கூரை ஒரு நாள் விழும். 2015 பெருமழைக்குப் பின் ஆந்திரத்தின் கடப்பாப் பகுதியில் விழுந்த குழிகள் இப்படிப்பட்டவை.

காரைக்குடி, தேவகோட்டைச் சுற்றில் சுண்ணாம்புப் பாறை இல்லை. பெரும்பாலும் செம்பூரான் கல் (லேட்டரைட் எனும் சிவப்புக் கல்). அதன் கீழே மணலும் வெளிறிய களியும். செம்பூரான் காற்றுப் பட்டால் இறுகும், ஆனால் அதன் அடியில் இருக்கும் களி தண்ணீருக்கு நிற்காது. ஆக, மேலே ஓடு, கீழே மாவு. கீழே மாவு கரைந்து போனாலும் ஓடு பாலம் போலத் தாங்கிக்கொண்டே இருக்கும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. தாங்க முடியாத அன்று மொத்தமாக விழும். கேரளத்தின் செம்பூரான் மலைப்பகுதிகளில் மண்ணுக்குள் குழாய் போல அரிப்பு ஓடுவதை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் கரைந்த மண் போய்ச் சேர ஒரு வெற்றிடம் வேண்டும். நம் ஊரில் அந்த வெற்றிடம் அநேகமாக மனிதர் தோண்டியதுதான்: பழைய கிணறு, உறைக்குழி (வளையம் இறக்கிய கழிவுநீர்க் குழி), உடைந்த சலதாரை (தரையடி வடிகால்). உங்கள் வீட்டில் முதல் சந்தேகம் சலதாரை மேல். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், விழும் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் செங்கல், சுண்ணாம்புக் காரையில் கட்டிய அந்தக் கால்வாய் வழியாகத்தான் கட்டுகளின் அடியில் ஓடிக் கொல்லைக்குப் போகும். பிற்காலத்தில் குளியலறை கட்டியவர்கள் அதன் குழாயையும் இதிலேயே சொருகியிருப்பார்கள். மழைக்கு மட்டும் நனைந்த கால்வாய் அன்றிலிருந்து தினமும் நனைகிறது.

சோதிப்பது எளிது. ஒரு வாளித் தண்ணீரில் அரைப் புட்டி சொட்டு நீலம் கலந்து வளவு மடைவாயில் ஊற்றுங்கள். பின்னாலேயே நான்கைந்து வாளி நல்ல தண்ணீர். கொல்லைப்புற வாயில் நீலம் வரவில்லை என்றாலோ, குழியின் சுவர் நீலமாகக் கசிந்தாலோ உடைப்பு அங்கேதான். உடைப்பைச் சரிசெய்யும்வரை குளியலறையைப் பூட்டுங்கள். பழைய கால்வாயை ஒட்டுப் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதற்குள்ளேயே 6 அங்குல பி.வி.சி. குழாய், எட்டடிக்கு ஓர் அங்குலம் சரிவு, திருப்பம்தோறும் திறந்து பார்க்க ஒரு தொட்டி. குழாய் ஓடிய பிறகே குழியை மூட வேண்டும்.

ஐயா காலத்துக் கொல்லைக் கிணற்றை மூடி, மேலே இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டினோம். இரண்டே வருடத்தில் அதே இடம் மறுபடி இறங்கிவிட்டது. எங்கே தப்பு? – கானாடுகாத்தான் வாசகி

கணக்கில்தான். கிணறு 6 அடி விட்டம், 40 அடி ஆழம் என்று எழுதியிருக்கிறீர்கள். கொள்ளளவு சுமார் 1,130 கன அடி, அதாவது பதினொன்றே கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). டிராக்டர் ஒன்றுக்கு ஒரு யூனிட் என்றால் இரண்டு யூனிட் ஏழடியைத்தான் நிரப்பும். அதற்குள் கிணறு வாய்வரை 'நிரம்பியது' என்றால், முன்பே உள்ளே போட்ட ஏதோ ஒன்று நடுவில் குறுக்கே சிக்கியிருக்கிறது: இடித்த உத்தரம், தென்னை மட்டை, மூங்கில். கிராவல் அதன் மேல் உட்கார்ந்தது. மரம் இற்றதும் மண் இறங்கியது. இது பாதி வழிதான் இறங்கியிருக்கும். கீழே இன்னும் வெற்றிடம் இருக்கலாம்.

ஆகவே விளிம்பில் யாரும் நிற்கக் கூடாது. இப்படிப்பட்ட குழிக்கு வாய் சிறுத்து வயிறு பெருத்திருக்கும். நீங்கள் நிற்கும் மண்ணுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. 20 அடி தள்ளிச் சுற்றிலும் வேலி. ஆழம் பார்க்க, நீள மூங்கில் நுனியில் கயிறும் கல்லும் கட்டித் தொலைவில் நின்றே இறக்குங்கள். கிணற்றுக்குள் ஆளை இறக்காதீர்கள். குப்பை மக்கிய கிணற்றில் ஆக்சிஜன் இருக்காது, நச்சு வாயு இருக்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பது போதாது. எரிகிற விளக்குக்கும் கீழே ஆளைக் கொல்லும் அளவு வாயு இருக்கலாம். ஒருவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறப்பது இப்படித்தான்.

மூடும் முறை: முதலில் இயந்திரத்தால், தள்ளி நின்று, உள்ளே கிடப்பதை எடுத்துவிட வேண்டும். அடியிலிருந்து நீர்மட்டத்துக்கு மேல் இரண்டடி வரை கழுவிய கருங்கல் சக்கை. ஊற்று அதனூடே ஓடும், மண்ணை இழுக்காது. அதன் மேல் ஒன்றரை அங்குல ஜல்லி ஓரடி, முக்கால் அங்குல ஜல்லி ஓரடி, பருமணல் ஓரடி. இந்த மூன்று அடுக்கையும் யாரும் போடுவதில்லை. வேலையின் உயிரே இதுதான். இது இல்லாவிட்டால் மேலே போட்ட மண் கல் இடுக்கு வழியே மழைக்கு மழை வழிந்து போகும். அதன் பிறகு எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), இரண்டடி இரண்டடியாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் தண்ணீர் நிறைய விட்டு வடியவிட்டு இறுக்குங்கள். வெறும் மண்ணை ஒரே மூச்சில் தள்ளினால் பத்தில் ஒரு பங்கு வரை அமுங்கும். 40 அடிக்கு அது நாலடிப் பள்ளம்.

மேல் ஐந்தடி தனி வேலை. கிணற்றுச் சுவரின் மேல் நாலடியை இடித்து எடுங்கள். விட்டால் சுவர் நிற்கும், நடு மண் இறங்கும், வட்டமாகக் கீறல் விழும். இந்தப் பகுதியில் செம்மண்ணை 6 அங்குல அடுக்காகப் பரப்பி, லேசாக நனைத்து, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், நீர் கசியக் கூடாது. அதுதான் ஈரப் பதம். கடைசி இரண்டடி களிமண், நடுவில் நாலு அங்குலம் மேடாக. ஒரு மழைக்காலம் கழியும்வரை அதன் மேல் எதையும் கட்ட வேண்டாம்.

இன்னொன்று: சுவர் உறுதியாக இருக்கிற கிணற்றைத் தயவுசெய்து மூடாதீர்கள். கூரைத் தண்ணீரை ஜல்லி, மணல் தொட்டியில் வடிகட்டி அதற்குள் விட்டு, மேலே கான்கிரீட் மூடி போடலாம். மழைநீர் சேகரிப்பு 2003இல் தமிழகத்தில் கட்டாயமானபோது இதற்கென்று புதிதாகக் குழி வெட்டினோம். செட்டிநாட்டு வீடுகளில் வளவும் கிணறும் ஊருணியும் முன்பே தயாராக இருந்தன.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைத் தட்டினால் சில இடத்தில் டொக்கு என்கிறது. அடியில் பள்ளமா? – பள்ளத்தூர் வாசகி

எல்லா டொக்கும் பள்ளம் இல்லை. காரை விட்டுப்போன தனிக் கல்லும் அப்படித்தான் ஒலிக்கும். ஆனால் ஒலி அந்தக் கல்லோடு நிற்கும், பக்கத்துக் கல்லில் மாறிவிடும். மண் போன இடத்தில் நாலைந்து கல் சேர்ந்து மத்தளம் போல முழங்கும். உலக்கையின் மர முனையால் ஓரடிக்கு ஓரடி தட்டி, ஒலிக்கிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். வட்டங்கள் வரிசையாக நின்றால் கீழே ஓடுவது சலதாரை. ஒரே கும்பலாக, வட்ட வடிவில் வந்தால் பழைய கிணறோ குழியோ என்று எண்ணுங்கள்.

அடுத்து டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து அறையின் நாலு மூலை, நடு, இவற்றின் மட்டத்தைச் சுவரில் தேதியுடன் குறியுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்க்கவும். மட்டம் மாறாத டொக்கு காத்திருக்கலாம். கதவு திடீரெனப் பிடிப்பது, ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல ஏறும் கீறல், மழை நின்றும் ஓரிடத்தில் காயாத ஈரம் ஆகியவை சேர்ந்துவந்தால் அந்தக் கட்டைக் காலி செய்துவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.

வீட்டு முன் சாலையில் குழாய் பதித்து மூடிய இடம் கிண்ணம் போல இறங்குகிறது. மண் கொட்டலாமா? – காரைக்குடி வாசகர்

வேண்டாம். மண் கொட்டினால் அடையாளம் மறையும், ஓட்டை மறையாது. 2025 ஜனவரியில் ஜப்பானின் யாஷியோவில் அரித்துப்போன கழிவுநீர்க் குழாய்க்குள் மண் இறங்கிச் சாலை உள்வாங்கியதில் லாரியோடு ஓட்டுநர் போனார். தடுப்பு வையுங்கள், படம் எடுத்து நகராட்சி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். குழி வாய் திறந்துவிட்டால் தாமதிக்காமல் 101 அல்லது 112.

உங்கள் வீட்டு இணைப்பும் காரணமாகலாம். இரவில் எல்லாக் குழாயையும் அடைத்து, சம்ப்பு (நிலத்தடித் தொட்டி) தண்ணீர் மட்டத்தைக் குறித்துக் காலையில் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. செப்டிக் தண்ணீர் இறங்கும் உறைக்குழி வீட்டிலிருந்து 6 மீட்டருக்கும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்கும் தள்ளி இருக்கட்டும்.

வீட்டுக் காப்பீட்டில் இதற்குப் பணம் வருமா? – கோட்டையூர் வாசகர்

2021 ஏப்ரலில் அறிமுகமான 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வீடு நிற்கும் நிலம் உள்வாங்குவது சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் கொட்டி நிரப்பிய மண் அமுங்குவது, புதுக் கட்டடத்தின் சாதாரண இறக்கம், தோண்டும் வேலையால் வந்த சேதம், குறைபாடான கட்டுமானம் ஆகியவை விலக்கு. அரைகுறையாக மூடிய கிணறு இந்த விலக்கில் மாட்டிக்கொள்ளும். எனவே கிணறு மூடும்போதே ஒவ்வோர் அடுக்கையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, ஜல்லி, மணல் ரசீதுகளோடு வையுங்கள். குழி விழுந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்க்கும்வரை வேலி மட்டும் போடுங்கள், நிரப்பாதீர்கள்.