யோனா பயந்து ஓடவில்லை, 4:2-ஐப் பாருங்கள்

பைபிளின் யோனா புத்தகத்தில், நினிவே நகரத்துக்குப் போகும்படி கடவுள் சொன்னபோது தீர்க்கதரிசி யோனா வேறு திசையில் ஓடினார்; அதற்குப் பயம் காரணமில்லை. "நினிவே மக்கள் கொன்றுவிடுவார்கள் என்றுதானே யோனா ஓடினார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவரே 4:2-இல் (4-ஆம் அதிகாரம், 2-ஆம் வசனம்) பதில் சொல்கிறார்: கடவுள் இரக்கமுள்ளவர், அந்த ஊரை மன்னித்துவிடுவார் என்று தெரிந்ததால்தான் கடல் கடந்து தர்ஷீஸ் என்ற ஊருக்குக் கிளம்பினாராம். நினிவே அசீரியர் ஊர், இஸ்ரவேலின் எதிரி.

ஞாயிறு பள்ளியில் கதையை யோனா மீன் வயிற்றில் இருந்ததோடு முடித்துவிடுவதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம். முதல் அதிகாரத்தில் காரணமே சொல்லப்படவில்லை.

இப்படிச் சோதித்துப் பாருங்கள்:

1. 1:3-ஐயும் 1:9-ஐயும் சேர்த்துப் படியுங்கள். கடலைப் படைத்தவரை வணங்குகிறேன் என்பவர், அவரிடமிருந்து தப்பக் கடலில்தான் போகிறார், அதுவும் கைக்காசு கொடுத்து!

2. மூல மொழியான எபிரேயத்தில் 'இறங்கினான்' என்ற சொல்லை எண்ணுங்கள்: துறைமுக ஊரான யோப்பாவுக்கு, கப்பலுக்குள், கப்பலின் அடித்தட்டுக்கு, 2:6-இல் மலைகளின் அடிவாரம்வரை. தமிழில் "கப்பல் ஏறினான்" என்றிருப்பதால் இந்தச் சரிவு கண்ணில் படாது.

தர்ஷீஸ் ஸ்பெயின்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். பலர் அப்படிக் கருதினாலும் உறுதியாகவில்லை. நினிவே கிழக்கே, இன்றைய மோசுல் அருகில். கப்பலோ மேற்கே போனது. உங்கள் பாடத்துக்கு அதுவே போதும்.