வானத்தில் வரைந்த மேகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தங்கையின் கல்யாண ஆல்பத்தில் வானம் வெளிறியிருக்கிறது என்று ஸ்டூடியோக்காரர் வேறெங்கோ எடுத்த மேகங்களைச் சேர்த்துவிட்டார். வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, எனக்குத்தான் உறுத்துகிறது. ஓவியன் கற்பனை செய்யலாம். புகைப்படம் இருந்ததை இருந்தபடி காட்டத்தானே வந்தது? ஓவியத்தை விட்டுப் பிரிந்து அது தனிக்கலையானதே அதனால்தான் என்று நினைக்கிறேன். சரியா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

உங்கள் உறுத்தல் எனக்குப் புரிகிறது. ஆனால் 'பிரிந்து' என்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

புகைப்படத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாகேர், பாரிஸில் நாடக மேடைக்குத் திரை எழுதிய ஓவியர். இன்னொருவரான ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டுக்கோ வரையவே வராது. 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், கேமரா லூசிடா என்ற பட்டகக் கருவியின் வழியே பார்த்து வரைய உட்கார்ந்தார். பட்டகத்தில் தெரிந்த ஏரி அத்தனை அழகு, தாளில் விழுந்த கோடுகள் படுமோசம். இந்தக் காட்சி தானாகவே தாளில் பதிந்து நின்றுவிட்டால்? வெளிச்சம் கருப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் முதலில் தாளில் பதிந்து, அதிலிருந்து நேர்ப்படம் எடுக்கும் தாள் நெகட்டிவ் முறைக்கு அந்த ஏக்கம்தான் விதை.

அப்புறம் எடின்பரோவில் நடந்ததைச் சொல்ல வேண்டும், எனக்கு மிகப் பிடித்த கதை அது. 1843 மே மாதம் ஸ்காட்லாந்து திருச்சபை உடைந்தது. நூற்றுக்கணக்கான போதகர்கள் வேலையையும் வீட்டையும் துறந்து வெளியேறினார்கள். டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியர் நெகிழ்ந்துபோய், அவர்கள் எல்லாரையும் ஒரே ஓவியத்தில் வரைவதென்று முடிவு செய்தார். நானூற்றுக்கும் மேற்பட்ட முகங்கள்! அவர்கள் ஊர் ஊராகக் கலைந்துபோவதற்குள் எப்படி வரைவது? இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் அவருக்கு ராபர்ட் ஆடம்சன் என்ற இளைஞரை அறிமுகப்படுத்தினார். டால்பட்டின் முறையில் தேர்ந்தவர் அவர். முகங்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஓவியத்தில் சேர்க்கலாம் என்பது திட்டம்.

திட்டத்தை மீறி வேலை வளர்ந்தது. வெயில் வேண்டும் என்பதால் மேசை நாற்காலிகளை வெளியே போட்டு, அறைக்குள் இருப்பதுபோல் ஆட்களை உட்காரவைத்தார்கள். யாரை எந்தப் பக்கம் திருப்புவது, கை எங்கே இருக்க வேண்டும், முகத்தில் எவ்வளவு நிழல் என்பதையெல்லாம் ஓவியனின் கண் தீர்மானித்தது. போதகர்களோடு நிற்காமல் பக்கத்து நியூஹேவன் கிராமத்து மீனவர்களையும் மீன்காரப் பெண்களையும் எடுத்தார்கள். நாலரை ஆண்டுகளில் ஏறத்தாழ 3000 படங்கள். தாளின் சொரசொரப்பால் நுணுக்கங்கள் மங்கின. அந்தச் சொரசொரப்புதான் இந்தப் படங்களின் உயிர் என்றார் ஹில்.

1848இல் ஆடம்சன் 26 வயதில் இறந்துபோனார். ஹில் அந்த ஓவியத்தை முடித்தது 1866இல். நான் அதன் அச்சுப்படத்தைத்தான் பார்த்திருக்கிறேன்: வரிசை வரிசையாகத் தலைகள், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. துணைக்கு எடுத்த புகைப்படங்களிலிருந்தோ கண்ணை எடுக்க முடியவில்லை.

சரி, உங்கள் மேகத்துக்கு வருகிறேன். 1850களில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர் லினேயஸ் டிரைப். மதுரையையும் தஞ்சாவூரையும் தாள் நெகட்டிவில் எடுத்தார். அன்றைய ரசாயனம் நீல ஒளிக்குச் சட்டென்று கருத்துவிடும், பச்சைக்கு லேசில் மசியாது. அதனால் பிரிண்டில் வானம் வெறும் வெள்ளையாகவும், மரங்கள் கருந்திட்டாகவும் விழுந்தன. டிரைப்பின் நெகட்டிவ்கள் சிலவற்றில் தூரிகையால் வண்ணம் தொட்டு மேகமும் இலைகளின் மினுக்கமும் சேர்த்திருக்கிறார்கள். ஆக, உங்கள் ஸ்டூடியோக்காரர் செய்தது புதிதல்ல.

அதே டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி 19 அடி நீளப் படமாக்கினார். எதையும் அழகாக்கும் முயற்சியல்ல, கல்லில் இருந்த எழுத்தைத் தாளுக்குக் கொண்டுவரும் வேலை. ஒரே ஆளின் கேமராவுக்கு இரண்டு ஆசைகளும் இருந்திருக்கின்றன.

ஆல்பத்தை மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், உங்கள் தங்கைக்குப் பிடித்திருக்கிறதே. ஆனால் மேகம் சேர்ப்பதற்கு முந்தைய படங்களை ஸ்டூடியோவில் கேட்டு வாங்கிவிடுங்கள். இப்போதே கேளுங்கள், பழைய ஃபைல்களை அவர்கள் ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள்.