ஆசாரியிடம் கேளுங்கள்: சித்திரைக்குள் பலகை அடிக்கலாமா?

கேள்வி: ஆசாரி ஐயா, புது வீட்டுக் கீழ்த்தளத்துக்கு நாலு அங்குலக் கொன்கிரீட் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. முன் ஹோல் அகலம் 12 அடி. டைல்ஸ் போட்டால் கால் சில்லிடும் என்று கட்டாரிலிருக்கும் மகன் கொழும்பில் தேக்குப் பலகை வாங்கி அனுப்பிவிட்டான். முக்கால் அங்குலக் கனம், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் காடியும் வெட்டியது. சித்திரைக்குக் குடிபோக வேண்டும். நாளைக்கே அடிக்கலாம் என்கிறார் தச்சுவேலை பாஸ். அடிக்கட்டுமா?
– வாசகி, தலவாக்கலை

வேண்டாம் அம்மா. பலகையில் குறை இல்லை, கீழே இருக்கும் ஐந்து வாரக் கொன்கிரீட்தான் பிரச்சினை. அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கொன்கிரீட் காய்வதற்குப் பழைய கணக்கு. உங்களுடையதற்கு நாலு மாதம். தலவாக்கலை மூடுபனியில் அதற்கு மேலும் பிடிக்கும்.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மாலை ஐந்து மணிக்கு ஒட்டினால் மறுநாள் காலை ஒன்பதுக்குப் பிரியுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ கொன்கிரீட் கறுத்திருந்தாலோ, பாஸுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வியர்க்கவில்லை என்றாலும் அதை மட்டும் நம்பி இறங்கக்கூடாது. ஈரமானியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம், நானே சூடுபட்டவன். நானுஓயாவில் ஒரு வீடு. மாசி வெயிலில் பலகையைச் சுவரோடு சுவராக இறுக்கி அடித்தேன். “ஊசி நுழையாது ஆசாரி!” என்று வீட்டுக்காரர் தோளில் தட்டினார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. ஆனி மழையில் ஆள் அனுப்பினார். கதவைத் தள்ளித்தான் உள்ளே போனேன். ஹோலின் நடுவே தரை உருளைக்கிழங்குப் பாத்தி மாதிரி எழும்பி நின்றது. ஓரப் பலகையை அறுத்து எடுத்தபோது ‘டப்’ என்று ஒரு சத்தம். பக்கத்துப் பலகை கண் முன்னாலேயே சுவர்ப்பக்கம் நகர்ந்தது. அன்றைக்கு வீட்டுக்காரர் தோளில் தட்டவில்லை.

மரம் நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் ஊதும். உங்கள் ஹோல் அகலத்துக்கே கணக்குப் போடுவோம். சாதாரணமாக அறுத்த தேக்கில் ஈரம் நூற்றுக்கு 10 இலிருந்து 14 ஆக ஏறினால், 12 அடித் தரை ஏறத்தாழ ஒரு அங்குலம் அகலமாகும். அந்த ஒரு அங்குலம் எங்கே போகும்? சுவர் விடாது, அதனால் மேலே எழும்பும். நம் பக்கத்து மழைக்காலக் காற்றில் மரம் நூற்றுக்கு 15 வரை ஈரம் குடிக்கும். சூளையில் காய வைத்து பொலித்தீனில் சுற்றி வந்த பலகைக்கு அது தாகம் தீர்க்கிற காலம்.

அதனால் பலகைக் கட்டுகளை இப்போதே பிரியுங்கள். ஆனால் கொன்கிரீட் காய்கிற அறையில் வைக்க வேண்டாம். காற்றோட்டமான உலர்ந்த அறையில், வரிசைக்கு வரிசை சிறு குச்சி வைத்து அடுக்குங்கள். கொன்கிரீட் காய்ந்து, ஜன்னலுக்குக் கண்ணாடியும் போட்ட பிறகு ஹோலுக்கு மாற்றி இரண்டு வாரமாவது வைத்திருங்கள். அடிக்கும் நாளில் பலகையைத் தாங்கும் கீழ்ச்சட்டத்துக்கும் பலகைக்கும் ஈர வித்தியாசம் நூற்றுக்கு 4 ஐத் தாண்டக்கூடாது. மூன்று அங்குலமும் அதற்கு மேலும் அகலமான பலகை என்றால் 2. கொன்கிரீட் மேல் கனமான பொலித்தீன், அதன் மேல் சட்டம், அப்புறம் பலகை. ஆணியை நாக்குப் பக்கம் சாய்த்து, எட்டிலிருந்து பத்து அங்குலத்துக்கு ஒன்றாக இறக்கச் சொல்லுங்கள். சுவரோரம் சுற்றிலும் முக்கால் அங்குலம் இடைவெளி விட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒன்றரை அங்குலம், நான் சொன்ன ஊதலுக்குத் தாராளமாகப் போதும். இடைவெளியை மறைக்கிற ஓரப்பட்டியைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அல்ல. இதைப் பாஸிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

மழை மாதத்தில் அடிக்க நேர்ந்தாலும் பயம் வேண்டாம், தரையும் பலகையும் மேலே சொன்ன கணக்குக்குள் இருந்தால் சரி. வெயிலில் மயிரிழை இடைவெளி விழும், அதோடு வாழலாம். பாத்தியோடு வாழ முடியாது. சித்திரைக்குச் சிமெந்துத் தரையில் பாய் விரித்துப் பால் காய்ச்சுங்கள். மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். பலகைத் தரை ஒரு மூலையில் அமுங்குகிறது, புழுங்கல் வாடை வேறு. மேலே புதுப் பலகை அடித்தால் போதுமா?
– வாசகர், ஹட்டன்

போதாது தம்பி. வெளியே போய் அத்திவாரச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். அடியில் இரும்புக் கம்பி போட்ட சிறு துவாரங்கள் இருக்கும். பலகைக்குக் கீழே காற்று ஓடத்தான் அவை. ஒரு பங்களாவில் ரோஜாப் பாத்திக்காக மண்ணை அணைத்து ஐந்து துவாரத்தையும் மூடிவிட்டார்கள். மேலே பலகை பளபளவென்று இருந்தது, பங்களா வேலைக்காரர் அப்பு தேங்காய் மட்டையால் தினமும் தேய்ப்பார். கீழே சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன், கேக்கில் இறங்குகிற மாதிரிப் பிடி வரைக்கும் போனது. முதலில் மண்ணை விலக்குங்கள். அமுங்கும் இடத்தில் நாலு பலகையைக் கழற்றிச் சட்டத்தைக் குத்திப் பாருங்கள். உளுத்ததை மாற்றிவிட்டு அப்புறம் மேலே வாருங்கள். வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் காணியில் வெட்டிய டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரம் தரைக்கு ஆகுமா? சவுக்கு (சில்வர் ஓக்) நல்லதா?
– வாசகர், பண்டாரவளை

டர்பன்டைன் ஆகும். ஆனால் காயும்போது முறுக்கும், வெடிக்கும். ஒரு அங்குலப் பலகைக்கு நிழலில் ஒரு வருடம் கொடுங்கள், அடுக்கின் மேலே பாரம் வையுங்கள். சவுக்கு கொஞ்சம் மென்மை, கதிரைக்கால் பதியும். படுக்கையறைக்குப் போடலாம். எதுவானாலும் அறுத்த அன்றே முனைகளுக்குப் பெயின்ட் பூசிவிடுங்கள், நாளைக்கு என்று வைத்தால் வெடிப்பு முந்திக்கொள்ளும்.