நான்கு சொற்களும் தெரியும், நிரல்தான் வரவில்லை

கேள்வி: பி.காம். முடித்துவிட்டுப் பைதான் படிக்கிறேன். என்கேப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்‌ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம் என்ற ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்கின் நான்கு கருத்துகளையும் ஒப்பிப்பேன். ஆனால் அப்பாவின் மளிகைக் கடைப் பற்றுக் கணக்குக்குப் புரோகிராம் எழுத உட்கார்ந்தால் வெறும் ஃபங்ஷன்களாகத்தான் வருகின்றன. எங்கே தொடங்குவது?

பதில்: அந்தக் கடையிலேயே தொடங்குங்கள். 1960களில் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா மொழியை உருவாக்கியது, வெளியுலகில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்க்கத்தான். கிளாஸும் (ஒரு வகைப் பொருளுக்கான வார்ப்பு) ஆப்ஜெக்டும் (அந்த வார்ப்பிலிருந்து உருவாகும் ஒவ்வொரு பொருள்) அந்தத் தேவையிலிருந்து வந்தவை.

உங்கள் நிரலில் பாக்கித் தொகை, பெயருக்கு எதிரே மதிப்பை வைக்கும் ஒரு டிக்‌ஷனரியில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சரக்குக் கொடுக்கும் ஃபங்ஷன் அதைக் கூட்டும், பணம் வாங்குவது கழிக்கும், தள்ளுபடி போடுவதும் அதைத் தொடும். ஒருநாள் யாருக்கோ பாக்கி மைனஸ் 200 என்று காட்டினால் நிரல் முழுவதையும் அலச வேண்டும்.

அப்பா பற்று நோட்டை வாடிக்கையாளர் கையில் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொல்ல மாட்டார். அவர்கள் சொல்வார்கள், இவர் சரிபார்த்து எழுதுவார். என்கேப்சுலேஷன் இதுதான். 'பற்றுக்கணக்கு' என்று ஒரு கிளாஸ் எழுதி, பாக்கியை அதற்குள் வையுங்கள். 'சரக்குக்கொடு', 'பணம்வாங்கு' என்ற இரண்டு மெத்தட்கள் (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன்கள்) மட்டுமே அதை மாற்றட்டும். பாக்கியைவிட அதிகத் தொகை வந்தால் 'பணம்வாங்கு' மறுக்கட்டும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்கும் இந்த கிளாஸிலிருந்து பிறக்கும் தனித்தனி ஆப்ஜெக்ட். இனி கணக்குப் பிசகினால் தேட வேண்டியது இரண்டே இடம். ஜாவாவில் பிரைவேட் என்று போட்டால் கம்பைலரே வெளியாளைத் தடுத்துவிடும். பைதானில் பெயருக்கு முன் போடும் ஒற்றை அடிக்கோடு "தொடாதே" என்ற வேண்டுகோள் மட்டுமே. கட்டுப்பாடு உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

இதைச் சரியாகச் செய்தால் அப்ஸ்ட்ராக்‌ஷன் தானாக வந்து சேரும்: உள்ளே எப்படி நடக்கிறது என்பது வெளியே தெரிய வேண்டியதில்லை. பைதானில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். ஆகவே ரூபாயைத் தசமத்தில் வைக்காமல், பைசாவாக முழு எண்ணில் வைக்க நாளை முடிவு செய்வீர்கள். மாற்றம் கிளாஸுக்குள்ளேயே முடிந்துவிடும். பாக்கி எவ்வளவு என்று கேட்டு வாங்கும் மாதப் பட்டியலில் ஒரு வரியும் மாறாது.

ரொக்கம், கார்டு, யுபிஐ என்று பணம் வரும் வழிகளுக்கு நீளமான இஃப்-எல்ஸ் எழுதாமல், ஒவ்வொன்றையும் ஒரு கிளாஸாக்கி, எல்லாவற்றிலும் 'வசூலி' என்ற மெத்தட் வையுங்கள். அழைப்பது ஒன்றே, நடப்பது வேறு வேறு: பாலிமார்ஃபிசம். பைதானில் இதற்குப் பொதுவான தாய் கிளாஸ்கூடத் தேவையில்லை.

இன்ஹெரிட்டன்ஸை, அதாவது தாய் கிளாஸில் உள்ளதைச் சேய் கிளாஸ் பெற்றுக்கொள்வதை, கடைசியில் தொடுங்கள். பல வகுப்புகளில் விலங்கு, நாய் என்று அதிலிருந்தே ஆரம்பிப்பது எனக்கு உடன்பாடில்லை. 'சில்லறை வாடிக்கையாளர்', 'மொத்த வாடிக்கையாளர்' என்று இரண்டு சேய் கிளாஸ்கள் எழுதத் தோன்றும். சில்லறைக்கு வாங்கியவர் அடுத்த மாதம் மொத்தமாக வாங்க ஆரம்பித்தால்? பிறந்த ஆப்ஜெக்டின் இனத்தை நடுவில் மாற்றுவது பெரும் தொல்லை. விலை விதியைத் தனி ஆப்ஜெக்டாக்கி வாடிக்கையாளருக்குள் வைத்தால், அதை மட்டும் மாற்றினால் போதும். இதற்குக் கம்போசிஷன் என்று பெயர்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். பாக்கியை மாற்றும் வரிகள் உங்கள் நிரலில் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று எண்ணி, அத்தனையையும் அந்த இரண்டு மெத்தட்களுக்குள் கொண்டுவாருங்கள். மற்ற மூன்றும் அதன் பிறகு.