விடியற்காலையா, ஓத நேரமா?

கேள்வி: குளிர்காலத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து கடலோரம் பறவை பார்க்கப் போனோம். இருட்டு விலகும் முன்பே போய் நின்றும், தூரத்துச் சேற்றில் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தன. மறுபடி போகப்போகிறோம், என்ன செய்யலாம்?

பதில்: சூரியனைப் பார்த்துப் போயிருக்கிறீர்கள். கரைப்பறவைகளுக்கு ஓதம்தான், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதுதான், கணக்கு. நீர் வற்றிய நேரத்தில் அவை சேற்றுப்பரப்பு முழுக்கச் சிதறி இரை தேடும், நீர் ஏற ஏற அந்த இடம் சுருங்கி, அவையே கரைப்பக்கமாக உங்களை நோக்கி வரும். அதனால் உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய், வெயில் முதுகில் படும்படி உட்கார்ந்துவிடுங்கள். ஓத நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் அன்றைய அட்டவணையைப் பார்த்தே கிளம்புங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் மேலே ஏறும். பறவைகள் அருகில் வரும், சரி, ஆனால் திரும்பி வரும் வழியும் முழுகக்கூடும், கவனம்.

நீர் முழுக்க ஏறியதும் அவை நெருக்கியடித்து, ஒற்றைக்காலில் நின்று ஓய்வெடுக்கும். இங்கேதான் கெஞ்சிக் கேட்கிறேன், படத்துக்காக யாரும் ஓர் அடிகூட முன்னால் போகவேண்டாம். தலைகள் ஒன்றாக நிமிர்ந்தால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். 2022-இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று, பிறந்து ஐந்தே மாதமான இளம் பறவை, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. இப்படி வருகிற பறவைகள் திரும்பிப் போகவும் உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும், நாம் ஒருமுறை கிளப்பிவிட்டால் அதில் கொஞ்சம் வீணாகிறது.

பன்னிரண்டு பேரும் ஒரே கும்பலாக நிற்காமல் இரண்டாகப் பிரியுங்கள். 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெருக்கிக் காட்டுவது) போதும், அதற்கு மேல் பெருக்கினால் கைநடுக்கமும் சேர்ந்து பெருகும். முக்காலியோடு ஒரு டெலஸ்கோப் இருந்தால் எல்லோரும் முறை வைத்துப் பார்க்கலாம். அப்புறம், "அதோ அங்கே" என்று காட்டாதீர்கள். "அந்தக் கம்பத்துக்கு இடப்பக்கம், தண்ணீர் விளிம்பில்" என்று சொன்னால்தான் பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும்.

கேள்வி: எல்லாமே சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இனப்பெருக்க கால வண்ணத்தைப் பெரும்பாலானவை உதிர்த்துவிட்ட பருவம் இது, நிறத்தை விடுங்கள். அலகையும் நடையையும் பாருங்கள். கொஞ்சம் ஓடி, சட்டென்று நின்று, கொத்தினால் உப்புக்கொத்தி. குட்டை அலகு, பெரிய கண், பார்வையால் இரை தேடும் பறவை அது. நீண்ட அலகை அடிவரைக்கும் சேற்றில் செருகித் துழாவுவது மூக்கன். அது கண்ணை நம்புவதில்லை, இரையை அலகு நுனியாலேயே உணர்ந்துவிடும். கரையோரக் கல்லையும் பாசியையும் புரட்டிக்கொண்டே போகிறதா? அது கல்திருப்பி, பெயரை யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை.