பேட்டையா?

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நான்கு தலைமுறையாக இருக்கிறோம். மண்டி, மரக்கடை, கூலி வேலை என்று பிழைத்த குடும்பம். மகன் ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். பெண் கேட்டுப் போனால், விலாசம் சொன்னதுமே "பேட்டையா?" என்று முகம் சுளிக்கிறார்கள். ஏதாவது ஒரு 'நகர்' என்று பெயரை மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாமா? எங்கள் பகுதிக்கு வரலாறு என்று ஏதாவது இருக்கிறதா?
- ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் 'பேட்டை' மூன்று இடத்தில் வருகிறது. முதல் இடத்தில் கூச்சம். மூன்றாவது இடத்தில் கோபம். நடுவில் ஓசூர் தொழிற்பேட்டை இருக்கிறதே, அதை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள்! பையன் வேலை பார்க்கும் பேட்டை என்றால் பெண் வீட்டார் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்கள். அவன் படுத்துத் தூங்கும் பேட்டை என்றால் காபி ஆறிப்போகிறது. அப்படியானால் குற்றம் பேட்டையில் இல்லை, முன்னால் ஒட்டியிருக்கும் 'பழைய'வில்தான் இருக்கிறது.

இன்னொன்று. அதே பெண் வீட்டார் முகூர்த்தப் பட்டு எடுக்க எங்கே போவார்கள்? பெங்களூரு சிக்பேட்டைக்கு. புடவைக்குப் பேட்டை ஆகும், மாப்பிள்ளைக்கு ஆகாதா? சென்னையில் வீடு கிடைத்தால் ராயப்பேட்டை கசக்குமா?

சரி, வரலாறு. பேட்டை என்றால் கோட்டைக்கு வெளியே கூடும் சந்தை, அதை ஒட்டி வளரும் குடியிருப்பு. மலைமேல் ஈட்டி பிடித்தவன். அடிவாரத்தில் தறி போட்டவன், செக்கு ஓட்டியவன், உப்பு மூட்டை இறக்கியவன். மேலே இருந்தவனுக்கு எண்ணெயும் உப்பும் கீழேயிருந்துதான் ஏற வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டை செவ்வாய்ச் சந்தையால் வந்த பெயர். சிந்தாதிரிப்பேட்டை 1730களில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களுக்காகவே உண்டாக்கியது. தறி இறை, செக்கு இறை என்று சோழர் காலக் கல்வெட்டுகளே கணக்கு வைத்திருக்கின்றன. தறிக்கும் செக்குக்கும் வரி கட்டியவனுக்கு வரலாறு இல்லாமல் போகுமா?

நம் மலைக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்கிற ஆங்கிலத் தளபதி இரவோடு இரவாக வந்தார். கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டார். மேலே ஏறப் பார்த்தபோது பாறைகளை உருட்டிவிட்டார்கள். வந்த வழியே திரும்பினார். மறுவருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் (தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு அன்றைய பெயர்) முழுவதும், நம் மலையும் சேர்த்து, திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்குக் காகிதத்திலேயே கை மாறிவிட்டது. இப்போது கோட்டையில் ஆட்டுக்குட்டி ஏறுகிறது, காதல் ஜோடி ஏறுகிறது. பேட்டையில் காலை நாலு மணிக்கே டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது.

தருமபுரியில் எனக்கு ஒரு பத்திரிகை நண்பர் உண்டு. பாராமகால் என்ற சொல்லைக் கேட்டால் போதும், "பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோவே ஏழு வருஷம் எங்களோடு இருந்தார்" என்று ஆரம்பித்துவிடுவார். இருக்கட்டும் ஐயா, நாங்கள் வாடகையா கேட்டோம்? நம்மை இன்னும் தனிக்குடித்தனம் போன தம்பி மாதிரியே நடத்துகிறார். நாம் தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரி 9. அவர்களும் 1965 அக்டோபர் 2 வரை சேலத்துக் கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்கள்தான். அந்தக் கூட்டுக் குடும்பக் கதையில் எனக்கு ஆறாத வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு: காய்ப்பது நம் தோப்பில், பெயர் சேலத்து மாம்பழம்!

மாம்பழம் என்றதும் பேட்டையே ஞாபகம் வருகிறது. சீசனில் ஒருநாள் விடியற்காலையில் மண்டிப் பக்கம் போய் நில்லுங்கள். லாரியிலிருந்து காய் இறக்குபவர் சும்மாட்டுத் துண்டை ஒரு சுற்றுச் சுற்றித் தலையில் வைத்து, கூடையை வாங்கிக்கொண்டு நடப்பார். கழுத்து அசையாது, வாய் மட்டும் நிற்காது. மண்டிக்காரரிடம் தெலுங்கில் பேரம், கணக்குப்பிள்ளையிடம் உருதுவில் பாக்கி, டிரைவரிடம் கன்னடத்தில் நலம் விசாரிப்பு, கூட வேலை செய்பவரிடம் தமிழில் சண்டை. நாலு மொழியும் படித்து வந்ததில்லை, தெருவில் விளையாடி வந்தது. மாங்கூழ் ஆலைக்குப் போய்வரும் பெண்களின் நகக்கண்ணைப் பாருங்கள். சீசன் முடிந்து ஒரு மாதம் ஆனாலும் மஞ்சள் போகாது. மாங்காய்ப் பால் பட்டு மணிக்கட்டில் கறுத்த தழும்பு வேறு. இந்த ஊரின் வரலாற்றை யாராவது எழுதுவதானால் அந்த நகக்கண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இப்போது 'நகர்' விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு மனைத் திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்தார்கள். வேன் ஏற்பாடு, பிரியாணி, குலுக்கலில் தங்கக் காசு. பலகையில் 'பெங்களூருக்கு மிக அருகில்' என்று எழுதியிருந்தது. இங்கிருந்து பெங்களூரு தொண்ணூறு கிலோமீட்டர். "மிக அருகில் என்றால் எதைவிட?" என்று கேட்டேன். "டெல்லியைவிட சார்" என்றார் விற்பனைத் தம்பி, சிரிக்காமல். நகருக்குள் போய்ப் பார்த்தேன். வெள்ளையடித்த கற்கள், கலர் கொடிகள், ஒரு ஆர்ச், பதினோரு ஆடுகள். 'மூன்றாவது குறுக்குத் தெரு' என்று எழுதிய பலகையில் ஓர் ஆடு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது. குடியேறியவர்கள் அவர்கள் மட்டும்தான். சாப்பிட்ட பிரியாணி எது என்று யோசித்தபோது, மக்கள் தொகை காலையில் பன்னிரண்டாக இருந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. தங்கக் காசு எனக்கு விழவில்லை. இதைப் பொறாமையில் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்தால் பாதி சரி.

பெயர் மாற்றினால் கௌரவம் வரும் என்றால் காவேரிப்பட்டணம் என்ன ஆவது? ஊரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. கடலோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. எந்த மாப்பிள்ளைக்காவது அதனால் கல்யாணம் நின்றதா?

மனு எழுதத்தான் வேண்டும் என்று கை துறுதுறுத்தால் ரயிலுக்கு எழுதுங்கள். 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி அகலத் தண்டவாளம் போட்டு ரயில் விட்டார்கள், பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவரலாம் என்று. முப்பதுகளில் நிறுத்திவிட்டார்கள். மாவட்டத் தலைநகராகியும் நமக்கு இன்றுவரை ஸ்டேஷன் இல்லை. (இதை நான் எத்தனையாவது முறையாக எழுதுகிறேன் என்று எண்ணும் வாசகர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வணக்கம்.)

அடுத்த முறை "பேட்டையா?" என்று கேட்டால், "ஆமாம், கோட்டைக்கு அடுத்த வீடு" என்று சொல்லுங்கள். அப்படியும் முகம் சுளித்தால் அந்தச் சம்பந்தம் வேண்டாம், அம்மா. நாளைக்குப் பேரன் பெயரையும் மாற்றச் சொல்வார்கள்.

நம் இதழின் அலுவலகமும் பழையபேட்டையில்தான் இருக்கிறது. விலாசம் அச்சடித்த உறைகள் இரண்டாயிரம் மீதம் கிடக்கின்றன. அவை தீரும் வரையாவது பொறுங்கள்.